ஏழே கால் மணிக்கு வந்த அழைப்பு

வாசகர் கேள்வி:

நான் பாளையங்கோட்டையைச் சேர்ந்தவள். வயது 26. சென்னையில் தரமணியில் வேலை பார்க்கிறேன். வேளச்சேரியில் ஒரு மகளிர் விடுதியில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் சபையின் வாலிபர் உபவாச ஜெபத்துக்குப் போவேன். ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் சினிமா தியேட்டருக்குள் கால் வைத்ததில்லை. இரண்டு வாரங்களுக்கு முன், ஜெபத்துக்குக் கிளம்பி, வேதாகமத்தைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போது, மாலை ஏழே கால் மணிக்குக் கல்லூரித் தோழி ஒருத்தி அழைத்தாள். “கிளம்பி வா, எங்கேயாவது போகலாம்” என்றாள். அவள் தூத்துக்குடிப் பெண், ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். நான்கு மாதங்களுக்கு முன் அவளுடைய அம்மா இறந்துவிட்டார்கள். முன்பெல்லாம் மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை முத்துநகர் ரயிலில் ஊருக்குப் போய்விடுவாள். நான் வாலிபர் ஐக்கியச் செயலருக்குத் “தலைவலி” என்று செய்தி அனுப்பிவிட்டுப் போனேன். பெசன்ட் நகரில் சாப்பிட்டோம். அன்று வெள்ளிக்கிழமை என்று அவள் கோழிக்கறியைத் தொடவில்லை. கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, “அம்மா போனப்புறம் வெள்ளிக்கிழமை வந்தாலே...” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் இரவுக் காட்சிக்கு டிக்கெட் இருப்பதைக் கைப்பேசியில் பார்த்தோம், பேச்சு மாறிவிட்டது. என்ன படம் என்றுகூட நான் கேட்கவில்லை. வெட்டும் குத்தும், பெண்களைக் கொச்சையாகப் பேசும் வசனங்களும், கண் கூசும் காட்சிகளுமாக இருந்தது. எழுந்து வரத் தோன்றவில்லை. எல்லோரும் சிரித்த சில இடங்களில் நானும் சிரித்துவிட்டேன். அவள் எங்கள் புகைப்படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். அதைப் பார்த்த செயலர், “இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்” என்ற வசனத்தோடு அந்தப் படத்தை வாலிபர் குழுவில் போட்டுவிட்டார். ஒரு மாதம் வகுப்பு எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். நான் பாவம் செய்துவிட்டேனா? இந்தத் தோழியை விட்டு விலக வேண்டுமா? கிறிஸ்தவர்கள் பொழுதுபோக்குக்காக எதைப் பார்க்கலாம், எங்கே போகலாம்?

ஆலோசகர் பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நீங்கள் எழுதியனுப்பியது இங்கே அச்சாகியிருப்பதைவிட நீளமானது. அதில் பெரும்பகுதி அந்தப் படத்தைப் பற்றியும், அதைப் பார்த்த பிறகு உங்களுக்கு வந்த அருவருப்பைப் பற்றியும் இருக்கிறது. தலைவலி என்று நீங்கள் அனுப்பிய செய்திக்கு ஒரே ஒரு வரி. தோழியின் தாயார் மறைந்ததற்கும் ஒரே ஒரு வரி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாலிபப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிவருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் மனதை உண்மையில் குத்திக்கொண்டிருப்பவை ஒற்றை வரியில் கடந்துபோன அந்த இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்தத் தலைவலியை எடுத்துக்கொள்வோம். ஜெபக்கூட்டத்துக்கு வராமல் போனதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. “தாயை இழந்த தோழி ஒருத்தி கூப்பிடுகிறாள், இன்று வர இயலவில்லை, அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று நீங்கள் எழுதியிருந்தால், அன்றைய கூட்டத்தில் உங்கள் தோழியின் பெயர் சொல்லி நான்கு பேராவது முழங்காலிட்டிருப்பார்கள். அப்படி எழுத உங்களுக்கு ஏன் வரவில்லை என்பதைச் சற்று நேரம் எடுத்து யோசித்துப் பாருங்கள். உண்மையான காரணம் அங்கே எடுபடாது, நோய் என்று சொன்னால்தான் கேள்வி எழாது என்ற பயம் உங்களுக்குள் இருந்திருக்கிறது. அந்தப் பயத்தில் உங்கள் பங்கும் உண்டு, உங்கள் வாலிபர் ஐக்கியத்தின் பங்கும் உண்டு. உங்கள் பங்கை நீங்கள் சரிசெய்துவிடலாம். செயலரை நேரில் பார்த்து, தலைவலி என்று சொன்னது பொய் என்பதை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். படத்தைப் பற்றிய விளக்கம் எதையும் அந்தப் பேச்சோடு கலக்க வேண்டாம்.

அடுத்தது, முன்யோசனை இல்லாமல் கிளம்பிப் போனது. எதையும் திட்டமிட்டு, ஜெபித்து, பெரியவர்களிடம் கேட்டுச் செய்கிற குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று கிளம்புவதே தவறு போலத் தோன்றும். ஆனால் சுவிசேஷங்களில் நம் ஆண்டவர் அப்படிப் பலமுறை திரும்பியிருக்கிறார். எரிகோவின் வழியாகப் போய்க்கொண்டிருந்தவர், காட்டத்தி மரத்தில் ஒரு மனிதனைக் கண்டு, “சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்றார். அதைப் பார்த்தவர்கள், பாவியான மனிதனிடத்தில் தங்கப் போனார் என்று முறுமுறுத்தார்கள். எனவே, ஜெபத்துக்குப் போட்ட செருப்போடு தோழியிடம் போனதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. ஜெபக்கூட்டம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடக்கிறது. அந்த அழைப்பு ஒரு முறைதான் வந்தது.

சினிமாவைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் குடும்பத்தின் கட்டுப்பாட்டை நான் இலேசாக எண்ணவில்லை. நானும் திருநெல்வேலிச் சீமையில் அதே மாதிரி ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான். எங்கள் வீட்டில் மாடப்பிறைக்குப் பக்கத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. இலங்கை வானொலியில் கிறிஸ்தவப் பாடல்கள் முடிந்து சினிமாப் பாட்டு தொடங்கும் அந்த ஒரு நொடிக்காகவே பாட்டி பெட்டியின் அருகில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் தாளம் விழுமுன் அவர்கள் விரல் குமிழைத் திருகிவிடும். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த விரல் என்பதால் குமிழில் எப்போதும் பச்சை ஒட்டியிருக்கும். அந்த விரலை இன்றைக்கும் நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன். அன்றாடக் கூலியின் ஒரு பகுதி டூரிங் டாக்கீஸில் கரைந்ததையும், இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுச் சிலர் குடித்துவிட்டு வீடு திரும்பியதையும் பார்த்த தலைமுறை அது. அவர்கள் போட்ட வேலிக்குக் காரணம் இருந்தது.

அந்த வேலி நம் ஊரில் மட்டும் போடப்பட்டதும் அல்ல. கி.பி. 200 ஆம் ஆண்டையொட்டி, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் நாடக அரங்குக்கும் வாள்வீரர்கள் மோதும் களரிக்கும் போகவே கூடாது என்று வன்மையாக வாதாடினார். அங்கே நடந்தவை அந்நிய தெய்வங்களுக்கு எடுத்த விழாக்கள். மனிதர் மனிதரைக் கொல்வதை வேடிக்கை பார்த்த கூட்டங்கள். இன்னொரு பக்கம், உங்கள் தோழி சேர்ந்த திருச்சபை, சினிமா பிறந்து நூறாண்டு நிறைந்ததையொட்டி 1995 இல், பார்க்கத் தகுந்தவை என்று 45 படங்களின் பட்டியல் ஒன்றை வத்திக்கானிலிருந்தே வெளியிட்டது. ஆக, ஒரே கர்த்தரை வணங்குகிறவர்களில் ஒரு சாரார் அரங்கின் வாசலில் நிற்கிறார்கள். இன்னொரு சாரார் உள்ளே போய், எது நல்லது என்று பார்த்துப் பொறுக்குகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அந்தக் கோழிக்கறி. ஆண்டவர் சிலுவையில் உயிர் நீத்த கிழமை என்பதால் வெள்ளியன்று மாமிசத்தை விலக்குவது கத்தோலிக்கரிடையே பழைய ஒழுக்கம். அவர்களுடைய பெரியவர்கள் அதைச் சுத்தபோசனம் என்பார்கள். அதே மேசையில் நீங்கள் கோழி சாப்பிட்டிருப்பீர்கள், உங்கள் மனச்சாட்சி உங்களைக் குத்தியிருக்காது. இரண்டு மணி நேரம் கழித்துத் தியேட்டரில் உங்கள் மனச்சாட்சி குத்தியது. உங்கள் தோழிக்கு அந்த இடம் உறுத்தவில்லை. பவுல் ரோமர் 14 ஆம் அதிகாரத்தில் எழுதுவது இந்த மேசையைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. சாப்பாட்டையும் நாட்களையும் பற்றித்தான் அங்கே பேச்சு. “அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்” என்று அவர் சொல்கிறார். ஆகவே தியேட்டருக்குள் நுழைந்ததாலேயே பாவம் செய்துவிட்டீர்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் என் பதில். முழு நிச்சயத்தோடு நுழைந்தீர்களா என்று கேட்டால், அதற்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். என்ன படம் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை.

அந்த இடத்தில்தான் நான் உங்களோடு சற்றுக் கண்டிப்பாகப் பேச விரும்புகிறேன். கொரிந்தியருக்கு எழுதும்போது, அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்தால்கூட, “போக உங்களுக்கு மனதிருந்தால்” போங்கள் என்கிறார் பவுல். அழைப்புக்கும் போவதற்கும் இடையில் ஒரு மனம் வேண்டும். அன்றிரவு தோழியிடம் போகத் தீர்மானித்தது உங்கள் மனம். அது நல்ல தீர்மானம். படத்துக்குப் போகத் தீர்மானித்தவர் யார்? கைப்பேசியில் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன, அவ்வளவுதான். உங்களுக்குப் பிறகு வந்த அருவருப்பில் ஒரு பாதி அந்தக் காட்சிகளால் வந்தது என்றால், மறு பாதி உங்கள் கையில் இருந்த தெரிவை நீங்களே நழுவவிட்டதால் வந்தது.

நீங்கள் சிரித்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எழுதுவதற்குத் தைரியம் வேண்டும், அதற்காக உங்களை மெச்சுகிறேன். ஆதிச்சபையின் பெரிய ஆசிரியரான அகஸ்டின் தன் நண்பர் அலிப்பியுஸைப் பற்றிச் சொல்லியிருக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சட்டம் படிக்க ரோமாபுரிக்கு வந்திருந்த அலிப்பியுஸுக்கு, வாள்வீரர்கள் ஒருவரையொருவர் கொல்லும் விளையாட்டு அறவே பிடிக்காது. ஒரு நாள் விருந்து முடிந்து வந்த நண்பர்கள் வழியில் அவரைக் கண்டு, வேண்டாம் வேண்டாம் என்றவரை நட்பின் உரிமையில் பலவந்தமாக இழுத்துப்போனார்கள். “என் உடலைத்தான் நீங்கள் அங்கே உட்கார வைக்க முடியும், கண்ணையும் மனதையும் திருப்ப முடியாது” என்று சொல்லி, கண்களை இறுக மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். களத்தில் ஒருவன் விழுந்தான். கூட்டம் ஒரே குரலாக ஆர்ப்பரித்தது. அலிப்பியுஸ் கண்ணைத் திறந்துவிட்டார். அதன் பிறகு மூட முடியவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து கூச்சலிட்டதோடு நில்லாமல், பின்னாட்களில் வேறு பலரையும் அங்கே இழுத்துப்போகிறவராக ஆனார். அந்த அலிப்பியுஸ்தான் பிற்காலத்தில் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகருக்குப் பேராயரானார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

இருட்டில் முந்நூறு பேர் சேர்ந்து சிரிக்கும்போது தனியாக ஒருவர் சிரிக்காமல் இருப்பது மிகவும் கடினம். காதுக்கு இமை கிடையாது. அதனால் உள்ளே போன பிறகு மனதைக் காத்துக்கொள்ளலாம் என்று நம்பாமல், டிக்கெட் போடுமுன் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். படத்தின் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 2023 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முன்பு பொதுவாக யு/ஏ என்றிருந்த சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏ என்பது முன்போலவே வயது வந்தோருக்கு மட்டும். நீங்கள் பார்த்த படத்துக்கு எந்தச் சான்றிதழ் என்பது டிக்கெட் போட்ட செயலியிலேயே இருந்திருக்கும். வீட்டில் இணையவழித் தளங்களில் பார்ப்பவற்றுக்கும் 2021 ஆம் ஆண்டு விதிகளின்படி இதே போன்ற வயதுக் குறிப்பும், வன்முறை, கொச்சைப் பேச்சு ஆகியவை உண்டா என்ற குறிப்பும் காட்டியாக வேண்டும். சான்றிதழ் உங்கள் மனச்சாட்சியாகிவிடாது. யு சான்றிதழ் பெற்ற படத்திலும் பேராசையும் பழிவாங்கலும் இனிக்க இனிக்கக் காட்டப்படலாம். ஆனாலும் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு உள்ளே போவது நல்லது. போன பிறகு தாங்கவில்லை என்றால் எழுந்து வெளியே வாருங்கள். கொடுத்த பணத்துக்காகக் கடைசிவரை உட்கார வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் தோழியும் ஒருவேளை நீங்கள் எழுவதற்காகவே காத்திருந்திருக்கலாம்.

எதைப் பார்க்கலாம் என்று பட்டியல் கேட்கிறீர்கள். பட்டியல் தர எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் “கிறிஸ்தவ” என்ற முத்திரை குத்தியிருந்தால் போதும் என்ற எண்ணத்தை அது வளர்த்துவிடும். பிலிப்பியர் 4:8 ஐ அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையுள்ளவை, ஒழுக்கமுள்ளவை, நீதியுள்ளவை, கற்புள்ளவை, அன்புள்ளவை, நற்கீர்த்தியுள்ளவை என்று அது அடுக்கிக்கொண்டு போகிறது. ஊழியக்காரர் ஒருவரை இன்னொருவர் கிழித்துப்போடும் காணொளிகளை மணிக்கணக்கில் பார்க்கும் விசுவாசிகளை எனக்குத் தெரியும். வசனம் சொல்லித் தொடங்கி வசனம் சொல்லி முடிகிற அந்தக் காணொளிகளில் பல, இந்த அளவுகோலில் நீங்கள் பார்த்த படத்தைவிடக் கீழே நிற்கும். நேர்மையாக எடுக்கப்பட்ட ஒரு நல்ல படமோ, ஒரு கர்நாடக இசைக் கச்சேரியோ மேலே நிற்கும்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் துணிந்தவர்களாக இருந்தார்கள் என்று எனக்குப் படுகிறது. உங்கள் திருநெல்வேலியில் 1774 இல் பிறந்து, தஞ்சாவூரில் வாழ்ந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார், சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சையில் மக்கள் விரும்பிப் பார்த்த குறவஞ்சி என்னும் ஆடல் பாடல் வடிவத்தை அப்படியே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். கேளிக்கையின் வடிவத்துக்கு அவர் அஞ்சவில்லை; அதில் எதை ஊற்றுவது என்பதில் மட்டும் கண்ணாயிருந்தார். உங்கள் ஊர்ப்பக்கத்தில் சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனப் பந்தியும், அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை ஐந்து முறை ஏலம் கூறிச் சிரிப்பும் சத்தமுமாகக் கோயில் வளாகமே அதிர்வதும் பொழுதுபோக்குத்தானே! அங்கே யாரும் தனியாக இருட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. எந்தப் பொழுதுபோக்கையும் எடைபோட நான் வாலிபர்களிடம் கேட்கச் சொல்வது இதைத்தான்: முடிந்து வெளியே வரும்போது, உடன் வந்தவர் எனக்கு முன்பைவிட நெருங்கியிருக்கிறாரா, விலகியிருக்கிறாரா?

சபை எடுத்த நடவடிக்கையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் புகைப்படத்தைக் குழுவில் போட்டு வசனம் எழுதியது சரியல்ல. “நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து” என்று மத்தேயு 18 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் முறையைச் சொல்லியிருக்கிறார்; அந்த முறை இங்கே மீறப்பட்டிருக்கிறது. பொய்க்காக மன்னிப்புக் கேட்ட பிறகு, உங்கள் ஆயரைச் சந்தித்து இதைப் பணிவோடும் தெளிவோடும் சொல்லுங்கள். பொய் சொன்னதற்காக ஒரு மாதம் வகுப்பை விட்டிருக்கச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன், பிள்ளைகளுக்கு முன் நிற்கிறவர்களுக்கு அது நியாயமான கண்டிப்பு. தோழியோடு வெளியே போனதற்காக என்றால், காரணத்தை விளக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குழுவில் மட்டும் பதில் எழுத வேண்டாம்.

கடைசியாக உங்கள் தோழி. விலக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்து நான் ஊகிப்பதைச் சொல்கிறேன், தவறாகவும் இருக்கலாம். முத்துநகர் விரைவு வண்டி சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் புறப்படுவது மாலை ஏழரை மணியளவில். உங்களுக்கு அழைப்பு வந்தது ஏழே கால் மணிக்கு. வெள்ளிக்கிழமை மாலையானால் பெண்கள் விடுதிகள் எப்படிக் காலியாகும் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பூருக்கோ கிளாம்பாக்கத்துக்கோ ஓடுவாள்; அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சும். மாதம் இரண்டு முறை அந்த ரயிலில் ஏறிப் பழகிய ஒரு பெண், காலையில் கதவைத் திறக்க அம்மா இல்லாத ஊருக்குப் போக மனமில்லாமல், ரயில் கிளம்பும் நேரத்தில் கைப்பேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்து உங்கள் பெயரில் நின்றிருக்கிறார். படம் அவருக்கும் தேவைப்பட்டிருக்காது. அழாமல் இருக்க இருட்டான ஓரிடம் தேவைப்பட்டிருக்கும். அந்த இரவில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது ஒன்றுதான். கடற்கரையில் அவர் தொடங்கிய ஒரு வாக்கியம் டிக்கெட்டால் நின்றுபோனது.

துக்கத்தில் இருப்பவர்களிடம் பெரிய ஆறுதல் மொழி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய அம்மாவின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர்கள் என்ன சமைப்பார்கள், ஊரிலிருந்து கிளம்பும்போது பையில் என்ன வைத்து அனுப்புவார்கள் என்று கேளுங்கள். நான்கு மாதங்களில் தேறிவிட வேண்டும் என்று எந்தக் கணக்கும் இல்லை. தூக்கமோ சாப்பாடோ வாரக்கணக்கில் கெட்டிருந்தாலும், வாழவே பிடிக்கவில்லை என்ற பொருளில் ஏதேனும் சொன்னாலும், அதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வருகிற வெள்ளிக்கிழமை ஏழே கால் மணி ஆகும்வரை காத்திருக்காமல், நீங்களே முன்னதாக அவரை அழையுங்கள். ஜெபக்கூட்டத்துக்கு வர அவருக்கு மனதிருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால், வர இயலாது என்று இந்த முறை உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டுப் பெசன்ட் நகருக்குப் போங்கள். அன்று வெள்ளிக்கிழமை என்பதால் நீங்களும் அவரோடு சுத்தபோசனமே சாப்பிடலாம். பிறகு அதே மணலில் உட்கார்ந்து, “வெள்ளிக்கிழமை வந்தாலே என்று அன்றைக்கு ஏதோ சொல்ல வந்தாயே” என்று கேளுங்கள்.

ஜெபத்துடன்,
உங்கள் ஆலோசகர்